பேசக்கூடாத நாட்களில் ஜெபம்

குரல் கரகரத்து, சில வாரங்களாகியும் தெளியவில்லை என்றால் தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முக்கியமானதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது செய்தித்தாளில் நான் கற்றது. என் சொந்த விஷயத்தில் அதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிக்கொண்டே போனேன்.

கோவில்பட்டியில் ஒரு நாளிதழின் நிருபராக இருக்கிறேன். பேருந்து நிலையம், கோர்ட், தீப்பெட்டி ஆலைகள், புதூர்ப் பக்கத்துக் கிராமங்கள் என்று சுற்றிவருவது வேலை. செய்தியைச் செல்போனிலேயே தட்டி அனுப்பிவிடும் காலத்திலும், அவசரச் செய்தி என்றால் மதுரை அலுவலகத்தைக் கூப்பிட்டு வாயால் சொல்லி எழுதவைப்பேன். குரல் மாறியதை முதலில் கவனித்தவர்களும் அவர்கள்தான்.

“லைன்ல யாரு?”

“நாந்தாம்ப்பா, கோவில்பட்டி.”

“கோவில்பட்டி அண்ணன் இல்லையா? அவர்கிட்ட குடுங்க.”

உழவு நேரம். காற்றில் கரிசல் புழுதி இருந்தது. பழியை அதன்மேல் போட்டேன். சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட காப்பியை எஸ்தர் வேளை தவறாமல் கொடுத்தாள். எஸ்தர் என் மனைவி, பள்ளிக்கூட ஆசிரியை. கடைசி பெஞ்சுக்கும் அதற்கு அப்பால் வராந்தாவுக்கும் கேட்கிற குரல் அவளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பாட்டுப் பாட வாயைத் திறந்தேன்; காற்றுதான் வந்தது. அவள் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: “நாளைக்கு டாக்டர்ட்ட போறோம். வாரேன்னு சொல்லாண்டாம், எந்திரிச்சு வந்தாப் போதும்.”

எங்கள் ஊர் மருத்துவர் தொண்டைக்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். அதுவரை அவர் பேசிக்கொண்டிருந்த கேலிப் பேச்சு நின்றுபோனது. “திருநெல்வேலிக்குப் போயிருங்க. இந்த வாரமே,” என்றார். பேட்டி எடுத்துப் பழகியவனுக்கு எந்த வார்த்தையில் செய்தி இருக்கிறது என்பது தெரியும். ‘இந்த வாரமே’ என்பதில் இருந்தது.

திருநெல்வேலி மருத்துவமனையின் தொண்டைப் பிரிவில் பெண் மருத்துவர் ஒருவர். என் வயதில் பாதிதான் இருக்கும். மூக்கு வழியாக, நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டார். முன்னதாக மரத்துப்போகும் மருந்தைப் பீய்ச்சிவிடுவதால் வலி இல்லை. மூக்கில் தண்ணீர் ஏறியதுபோல ஓர் எரிச்சல், அவ்வளவுதான். எதிரே திரையில் என் குரல் நாண்கள் தெரிந்தன. கூரையின் இரு சரிவுபோல ஒரு முனையில் சேர்ந்திருக்கும் இரண்டு பட்டைகள். மூச்சு விடும்போது விலகுகின்றன, பேசும்போது சேர்ந்து அதிர்கின்றன. இத்தனை வருடம் என்னோடு இருந்தும் நான் பார்த்திராத இரண்டு பேர். வலது பக்கம் வழவழப்பாக இருந்தது. இடது பக்கத்தில் சுண்ணாம்பு தெறித்துக் காய்ந்ததுபோல ஒரு வெள்ளைப் படலம்.

“கேன்சரா டாக்டர்?” என்றேன், இருந்த குரலில்.

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்த்து மட்டும் சொல்ல முடியாது. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். தெரியாததை நான் சொல்ல மாட்டேன் சார்.”

“குரல்?”

“எடுத்த இடம் எப்படி ஆறுதுங்கிறதைப் பொறுத்தது. பழைய குரல் அப்படியே வரும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

மேற்கோளாகப் போட ஏற்ற பதில்கள். அவரை எனக்குப் பிடித்துப்போனது. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆபரேஷன் தேதி எழுதிய சீட்டை இரண்டு முறை படித்தேன்.

இங்கே எங்கள் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாருக்காவது ஆபரேஷன் என்றால் முந்தின நாள் மாலை சபையார் அந்த வீட்டில் கூடுவார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் என்று எல்லோரும் வாய்விட்டு ஜெபிப்பார்கள். சுற்று ஜெபம் என்போம். எழுதிவைத்துப் படிப்பது கிடையாது. அவரவர் வாயில் வருவதுதான். நடுநடுவே மற்றவர்கள் “ஸ்தோத்திரம்”, “ஆமென்” என்று தாங்கிப் பிடிப்பார்கள். தெருவில் போகிறவருக்கும் யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று விளங்கிவிடும். எங்கள் ஊரில் ஜெபம் என்றால் சத்தம்தான். வேறு வகை ஒன்று இருப்பதாக நான் நினைத்ததே இல்லை.

அன்றைக்கு என் முறை வந்தபோது கரகரத்த குரலில் ஆரம்பித்தேன். “கிருபை நிறைந்த பரலோகத் தகப்பனே, கோவில்பட்டியில் வசிக்கும் உமது அடியானுக்கு, நாளைக் காலை, திருநெல்வேலியிலுள்ள மருத்துவமனையில், இடது குரல் நாணில் அறுவைச் சிகிச்சை நடைபெற உள்ளது…”

கூட்டம் கலைந்ததும் எஸ்தர் பாய்களைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: “ஆண்டவருக்குக் கோவில்பட்டி எங்கன இருக்குன்னு தெரியாதாக்கும்?”

“விவரமாச் சொன்னேன்.”

“நீங்க ஜெபிக்கல. செய்தி வாசிக்கீங்க. இன்னும் வானிலைதான் சொல்லல.”

சிரித்துக்கொண்டேன். ஆனால் சரியாகத்தான் சொன்னாள். பிறப்பிலேயே கிறிஸ்தவன், ஞாயிறு தவறாமல் கோயில், வீட்டில் தினமும் குடும்ப ஜெபம். ஆனாலும் தனியாக, யாரும் கேட்காமல், ஆண்டவரிடம் நான் பேசியது கிடையாது. அந்தத் துறையை எஸ்தர் பார்த்துக்கொள்கிறாள் என்று விட்டிருந்தேன்.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. முழு மயக்கத்தில், வாய் வழியாக நேரான இரும்புக் குழாயை வைத்து, நுண்ணோக்கி வழியே பார்த்து, படலத்தை உரித்து எடுக்கிறார்கள். வெளியே கீறல் கிடையாது. விழித்ததும் தொண்டையைவிடப் பல்லும் நாக்கும்தான் அதிகம் வலித்தன. மருத்துவர் குனிந்து சொன்ன முதல் வாக்கியம்: “பேசாதீங்க. நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தைகூட.” இதற்குக் குரல் ஓய்வு என்று பெயர். புண் ஆறும் நேரத்தில் நாண்கள் ஒன்றோடொன்று மோதினால் அந்த இடம் தடித்துப்போகும். கனைக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. பலரும் கிசுகிசுப்பதை மெதுவாகப் பேசுவது என்று நினைக்கிறோம். உண்மையில் அது தொண்டையை இறுக்கிக் காற்றைத் தள்ளுவது. புண்ணுக்குச் சாதாரணப் பேச்சைவிடக் கெடுதலாகலாம்.

பக்கத்துக் கட்டிலில் சங்கரலிங்கம் அண்ணாச்சி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை வைத்திருப்பவர். தொழில் முறையில் எனக்குத் தெரிந்தவர். மூக்கு எலும்பு வளைந்திருந்ததை நேராக்கி, இரண்டு துவாரத்திலும் பஞ்சு அடைத்திருந்தார்கள். என் நிலையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“பத்திரிகைக்காரர் வாய மூடிட்டு இருக்கதப் பாக்க நான் குடுத்து வச்சிருக்கணும்,” என்றார் மூக்கடைத்த குரலில். “ஏன் டீச்சரம்மா, இத அப்படியே ஒரு வருசத்துக்கு நீட்டிக்க முடியாதா? ஊரு நிம்மதியா இருக்கும்.”

“எனக்கும் அதே எண்ணம்தான் அண்ணாச்சி,” என்றாள் எஸ்தர். “வீடும் நிம்மதியா இருக்கும்.”

மாலையில் அவள் என் தலையில் கைவைத்து ஜெபிக்க ஆயத்தமானபோது அவர் எழுந்து உட்கார்ந்தார். “நான் ஒங்க கோயில் ஆளு இல்ல. இருந்தாலும் என் மூக்கையும் ஒரு வார்த்தை சேத்துக்கிடுங்க.” சேர்த்துக்கொண்டாள், பெயர் சொல்லி, மூக்கைக் குறிப்பிட்டு. வார்டே கேட்டது. முடிவில் அண்ணாச்சியிடமிருந்து மூக்கடைத்த ஓர் ஆமென் வந்தது. பழக்கத்தில் என் வாயும் திறந்தது. எஸ்தரின் உள்ளங்கை வந்து அதை மூடியது.

கிளம்பும்போது பில் எவ்வளவு என்று எஸ்தர் எனக்குக் காட்டவில்லை. கேட்க என்னால் முடியாது என்பது அவளுக்கு வசதியாகப் போயிற்று. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஜெனி தினமும் கூப்பிட்டாள். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று போனின் மேல் விரலால் தட்ட ஏற்பாடு. “ஏட்டி, அவிய ரொம்ப நல்லா இருக்காவ, நீ லீவு போட்டு வராண்டாம்,” என்று எஸ்தர் சொல்லும்போது நான் இரண்டு தட்டு தட்டினேன். ஜெனி அந்த வாரக் கடைசியிலேயே வந்து, எல்லாக் கஞ்சியையும் அரைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சோதனை முடிவு ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். அந்த வாரத்தில்தான் தனி ஜெபம் என்ற ஒன்றை முதன்முதலாகத் தொடங்கினேன். பக்தி வந்து தொடங்கவில்லை. பயம் வந்து தொடங்கினேன்.

விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். கீழே எஸ்தர் சமையலில் இருப்பாள். ஊருக்கு வெளியே விதைப்பு முடிந்த கரிசல் மழைக்காகக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று கண்ணை மூடி, வழக்கமான வார்த்தைகளில் ஜெபிப்பேன். உதடு அசையும், காற்று மட்டும் வரும். சத்தம் வரக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு மனிதரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெபத்தைப் பேச்சுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உதட்டை மூடிக்கொண்டு நினைத்தால் அது யோசனை. ஜெபம் எப்படி ஆகும்?

மறுபார்வைக்குப் போனோம். குழாய் உள்ளே போனது. மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பினார். ஆறியிருக்க வேண்டிய இடம் சிவந்து வீங்கியிருந்தது.

“சார், யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?”

தலையை ஆட்டி மறுத்தேன்.

“இல்ல டாக்டர்,” என்றாள் எஸ்தர். “அவிய ஒரு வார்த்தை பேசல. நான் கூடவே இருக்கேன். வாத்தியாரம்மா சொல்லுதேன், நம்புங்க.”

“தூக்கத்துல பேசுவாரா? வாய்க்குள்ள முணுமுணுக்கிற பழக்கம்?”

செல்போனில் ஒரு சொல்லைத் தட்டி நீட்டினேன். ஜெபம்.

மருத்துவர் படித்தார். சிரிக்கவில்லை. “எவ்வளவு நேரம்?”

தினமும் அரை மணி, சில நாள் அதற்கு மேலும், என்று தட்டினேன்.

“அதுவும் பேச்சுதான் சார். கேட்கிறது யாருன்னு தொண்டைக்குத் தெரியாது.” பிறகு சற்று இளகி, “ஜெபம் பண்ணுங்க. வேண்டாம்னு சொல்ல நான் யாரு? உதடு அசையாம பண்ணுங்க. இந்த வீக்கம் நிலைச்சுப் போச்சுன்னா இனி உங்க குரல் இவ்வளவுதான்.”

சோதனை முடிவும் வந்திருக்கவில்லை. பரிசோதனைக்கூடத்தில் மூத்த நிபுணர் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்களாம். மறுபடி ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு எத்தனை காரணங்கள் இருக்க முடியும் என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். மணியாச்சியில் வண்டி சும்மா நின்றது. எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கோபம் என்று நினைத்தேன்.

“நீங்களா?” என்றாள் வெளியே பார்த்தபடியே. “தனியாவா ஜெபிச்சீங்க?”

தலையசைத்தேன்.

“இத்தன வருசமா கேட்டுக்கிட்டு இருந்தேன், ஒரு நாளும் செய்யல. செய்யாதீங்கன்னு டாக்டர் சொல்லுத நேரம் பாத்து செஞ்சிருக்கீங்க.” திரும்பினாள். கண் நனைந்திருந்தது, வாய் சிரித்தது. “ஒங்கள என்ன செய்யட்டும்?”

அந்த வாரம் ஐயர் வந்தார். எங்கள் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்றுதான் சொல்வோம். புதூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வழக்கம்போல் எழுந்து நின்று ஜெபிக்கப்போனவரை உட்காரச் சொல்லிச் சைகை காட்டி, தட்டிவைத்திருந்த கேள்வியைக் காட்டினேன்: உதடு அசையாமல் ஜெபிப்பது எப்படி? அது ஜெபமா, யோசனையா?

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “அண்ணாச்சி, உண்மையச் சொல்லட்டா? குருத்துவக் கல்லூரில படிச்சிருக்கேன். செஞ்சு பழகுனது குறைச்சல். எங்கன போனாலும் ‘ஐயரே ஜெபிங்க’ம்பாக, ஒடனே சத்தமா ஆரம்பிச்சிருவேன். சும்மா இருக்கதுதான் எனக்கும் கஷ்டம்.”

“நல்ல ஆளக் கேட்டீங்க,” என்றாள் எஸ்தர் உள்ளேயிருந்து.

“இல்லக்கா, தெரிஞ்சதச் சொல்லுதேன்.” என் பக்கம் திரும்பினார். “யோசனைன்னா நீங்க ஒங்ககிட்டயே பேசுதீங்க. ஜெபம்னா அவருகிட்ட திரும்பிப் பேசுதீங்க. உதடு அசைஞ்சாலும் அசையாட்டாலும் அந்தத் திரும்புறதுதான் ஜெபம். மொதல்ல அவரக் கூப்பிடுங்க. ஒங்களுக்கு வாயில வராத பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம். அப்புறம், செய்தி சொல்லாதீங்க. நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். ஒங்களுக்கு உள்ள என்ன செய்யுதுன்னு சொல்லுங்க.”

ஒன்றும் வராவிட்டால்? என்று தட்டினேன்.

“வராட்டா சும்மா இருங்க. அவரு முன்னால சும்மா உக்காந்திருக்கதும் ஜெபம்தான்.”

மனம் ஓடுகிறதே.

“ஓடும். எங்க ஊர்ல ஆடு மேய்க்கவங்களப் பாத்திருப்பீங்க. ஆடு அடுத்தவன் வெள்ளாமைக்குள்ள எறங்கும். எறங்கிட்டுதேன்னு ஆட்ட அடிச்சுக்கிட்டிருந்தா பொழுது போயிரும். மெல்லத் திருப்பிவிட்டுட்டுப் போவாக. அவ்வளவுதான். நூறு தடவ போனா நூறு தடவ திருப்புங்க.”

எழுந்தவர் ஒரு கணம் தயங்கினார். வழக்கமான ஜெபத்தைச் செய்யவில்லை. என் தோளில் கைவைத்துக் கண்ணை மூடிச் சற்று நேரம் நின்றார். அவருக்கும் அது எளிதாக இல்லை; உதடு இரண்டு முறை தானாகத் திறந்து மூடியது.

மறுநாள் மாடியில் நிற்காமல் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாயை மூடி, நாக்கை அசையாமல் வைத்தேன். முதலில் அவரைக் கூப்பிட வேண்டும். ‘பரலோகத் தகப்பனே’ என்றதும் மீதி வாக்கியங்கள் தானாக வரிசையில் வந்து நின்றன, அச்சடித்தவை மாதிரி. அதை விட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா, என்றேன் உள்ளுக்குள். வரிசை கலைந்தது. அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. அது நல்லதாகப் பட்டது.

மனம் பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. திருப்பினேன். நான் இல்லாத நாட்களில் என் பகுதிச் செய்தியை யார் அனுப்புகிறார், எப்படி எழுதுகிறார் என்று பார்க்கப் போனது. திருப்பினேன். சமையலறையில் பருப்பு தாளிக்கும் மணத்துக்குப் போனது. திருப்பிக்கொண்டிருந்ததைத் தவிர அன்று வேறொன்றும் நடக்கவில்லை. முதல் சில நாள் இப்படியே போயிற்று. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதில் மனம் தளர வேண்டாம். தோற்றுவிட்டோம் என்று நினைக்கும் நேரத்திலும் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தால் போதும் என்பதே என் அனுபவம்.

பிறகு ஒரு நாள், என்ன சொல்லலாம் என்று தேடாமல் உட்கார்ந்திருந்தபோது அது வந்தது. ஐயா, பயமா இருக்கு.

இவ்வளவுதான். இத்தனை நாளும் மாடியில் நின்று நோயையும் சிகிச்சையையும் தேதிவாரியாக ஒப்பித்திருக்கிறேன். மருத்துவருக்கு ஞானம் தரும்படி கேட்டிருக்கிறேன். உமது சித்தம் என்று முடித்திருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. குரல் போனால் என் வேலை என்ன ஆகும், புற்று என்றால் எஸ்தர் தனியாக என்ன செய்வாள் என்பதெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது, அழகில்லாமல், வரிசையில்லாமல். வந்ததை வந்தபடி சொன்னேன். ஏன் எனக்கு என்று கோபமாகவும் கேட்டேன். பதில் எதுவும் காதில் விழவில்லை. வெளிச்சம் தெரியவில்லை. ஆனால் சொன்னதை யாரோ குறுக்கிடாமல் கேட்டார் என்கிற நிச்சயம் இருந்தது. பேட்டி எடுக்கிறவனுக்கு, தன் பேச்சை இன்னொருவர் கேட்பது எப்படி இருக்கும் என்பது புது அனுபவம்.

அதற்குப் பிறகு உட்காருவது பாரமாக இல்லை. முதலில் என் பயம். பயம் தீரும்வரை மற்றவற்றுக்கு அவசரப்படுவதில்லை. அது முடிந்தால் மற்றவர்கள் தானாக வந்தார்கள்: ஜெனி, எஸ்தர், மருத்துவர், அண்ணாச்சியின் மூக்கு. பெயரை நினைத்து, அந்த முகத்தோடு சற்று நேரம் ஆண்டவர் முன்னால் இருப்பேன். இவருக்கு இதைச் செய்யும் என்று உத்தரவு போடுவதில்லை. சில நாள் நன்றி வந்தது. சில நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டும் ஜெபம்தான் என்று இப்போது நினைக்கிறேன். இதைவிடப் பெரிய முறை எதுவும் எனக்குத் தெரியாது.

அடுத்த முறை திருநெல்வேலிக்குப் போனபோது காத்திருப்புக் கூடம் நிரம்பி வழிந்தது. ஒருவர் கழுத்துத் துளையில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் என்றால் பார்வையைத் திருப்பியிருப்பேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தெரியாமலேயே அந்த முகத்தோடு சற்று நேரம் ஆண்டவர் முன்னால் இருந்தேன். என் எண் வந்தது.

முதலில் குழாய். மருத்துவர் திரையைப் பார்த்தார். “ம்,” என்றார். “இப்ப ‘ஈ’ சொல்லுங்க சார்.”

சொல்லவா என்பதுபோல் எஸ்தரைப் பார்த்தேன்.

“என்னைப் பாத்தா? டாக்டர் சொல்லுதாகள்லா, சொல்லுங்க.”

“ஈ…”

கம்மலாக, அடியில் மணல் உரசுவதுபோல ஒரு சத்தம் வந்தது. ஆனால் சத்தம். திரையில் இரண்டு நாண்களும் சேர்ந்து அதிர்ந்தன. வீக்கம் வடிந்திருந்தது. “பழைய குரல்ல கொஞ்சம் கனம் கூடியிருக்கும். ஆனா இது உங்க குரல்தான்,” என்றார்.

பிறகு கணினியில் அறிக்கையைத் திறந்தார். எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் வளையல் என் எலும்பில் அழுந்தியது.

“புற்று இல்லை,” என்றார் மருத்துவர், வேறு எதையும் சொல்வதற்கு முன். முக்கியமானதை முதலில் சொல்லத் தெரிந்தவர். பிறகு விளக்கினார். படலத்தின் செல்களில் சில ஒழுங்கு தவறிய வடிவத்தில் இருந்தன. அது தொடக்க நிலை மாற்றம். அப்படியே விட்டிருந்தால் பிற்காலத்தில் சிலருக்குப் புற்றாக மாறக்கூடும். இப்போது எடுத்தாகிவிட்டது. மறுபடி வருகிறதா என்று சில மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். எப்போதோ விட்டுவிட்ட சிகரெட்டின் பக்கம் மறுபடி தலைவைத்தும் படுக்கக் கூடாது. பேச்சு: மணிக்கு ஓரிரு நிமிடம், தண்ணீர் குடித்துக்கொண்டு. கத்தக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது.

ஜெபத்தால் அறிக்கையின் முடிவு மாறியது என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. அது நான் ஜெபிக்கப் பழகும் முன்பே பரிசோதனைக்கூடத்தின் கண்ணாடித் துண்டில் இருந்த முடிவு. அறிக்கை வேறு மாதிரி வந்திருந்தாலும் மறுநாள் காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன் என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். அதைத்தான் செய்தி என்று சொல்ல முடியும்.

ரயிலில் கூட்டம் இல்லை. வெளியே மழை பெய்த தடம். கரிசல் இன்னும் கறுத்து, பளபளவென்று கிடந்தது. எஸ்தர் கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளை எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி இப்போது ஸ்தோத்திர ஜெபம் தொடங்கும்.

“நீங்களே ஜெபிங்க,” என்றாள். “இப்பத்தான் பேசலாம்லா.”

ஆண்டவரிடம் சொல்ல எனக்குக் குரல் தேவைப்படவில்லை. டாக்டர் அறையிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் வந்தேன். கிடைத்த ஒரு நிமிடக் குரலை அவளுக்காக வைத்திருந்தேன். மெதுவாக, கிசுகிசுக்காமல் சொன்னேன்:

“எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு, எஸ்தர்.”

பெயர் சொல்லி நான் அவளைக் கூப்பிடுவதில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கினாள். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அந்தக் குரல் எனக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு இறங்கியிருந்தது.

“எனக்கும்தான். அதுக்குத்தான அவ்வளவு சத்தமா ஜெபிச்சேன்.”

சற்றுப் பொறுத்து அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.